முந்திரித் தேர்வில் மூன்று எண்கள்

நெய்வேலி நகரியத்திலிருந்து பண்ணுருட்டிக்கோ விருத்தாசலத்துக்கோ செல்பவர் வழியில் செம்மண் நிலத்து முந்திரித் தோப்புகளைக் காணாமல் இருக்க முடியாது. பங்குனி, சித்திரையில் விதையால் வளர்ந்த பழைய தோப்பொன்றில் நுழைந்து பாருங்கள். ஒரு மரத்தடியில் கொட்டைகள் சிறுத்துக் கிடக்கும்; அடுத்த மரத்தடியில் ஏறக்குறைய இரு மடங்கு பருத்திருக்கும். இங்கே பழம் மஞ்சள், அங்கே சிவப்பு. முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை மிகுதி. ஆகவே, தாயைப் போலப் பிள்ளை என்பது இம் மரத்துக்குப் பொருந்தாது. இந்த வேறுபாடே இனத் தேர்வாளரின் முதல்.

இம் முதலைக் கொண்டு நடந்த பணி சிறிதன்று. விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் 1981-இல் வி.ஆர்.ஐ. 1 ரகத்தை வெளியிட்டது. அதன் தாய்மரம் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து வழிசோதனைப்பாளையத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1985-இல் வி.ஆர்.ஐ. 2 வந்தது. 1991-இல் வெளியான வி.ஆர்.ஐ. 3, இடையஞ்சாவடி மரமொன்றின் விதை வழியில் தேர்ந்தெடுக்கப்பட்டதாகும்.

இந்த ரகங்களைப் பற்றிப் பெரிதும் பேசப்படும் எண்கள் மூன்று: கொட்டையின் எடை, உடைப்புத் திறன், மரத்தின் மகசூல். உடைப்புத் திறன் என்பது கொட்டையின் எடையில் பருப்பு எத்தனை விழுக்காடு என்பது. வி.ஆர்.ஐ. 1-இன் கொட்டை 5 கிராம், உடைப்புத் திறன் 28 விழுக்காடு; அதாவது ஒரு பருப்பு 1.4 கிராம். ஒரு ராத்தலுக்கு, அதாவது 454 கிராமுக்கு, ஏறக்குறைய 320 பருப்புகள். வணிகர் கூறும் டபிள்யூ 320 தரம் இதுவே. வி.ஆர்.ஐ. 3-இன் கொட்டை 7.2 கிராம், உடைப்புத் திறன் 29.1 விழுக்காடு. பருப்பு 2.1 கிராம், ராத்தலுக்குச் சற்றேறக்குறைய 215. இது விலை கூடிய டபிள்யூ 210 தரத்தை ஒட்டியது. கொட்டை பருத்தால் ஓடும் தடித்து உடைப்புத் திறன் குறைவதே பெரும்பாலும் காணப்படுவது. இரண்டும் ஒருங்கே உயர்ந்ததுதான் இந்த ரகத்தின் சிறப்பு. தேர்ந்தெடுத்தவர்களின் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் மூன்றாவது எண்ணிடம் எச்சரிக்கை தேவை. கொட்டையின் எடை பெரும்பாலும் மரபு வழிப்பட்டது, மகசூல் அவ்வாறன்று. வரப்போரத்தில் எருவும் ஈரமும் கண்ட மரம் அள்ளித் தரும். அதன் ஒட்டுக்கன்று மேட்டு நிலத்தில் ஏமாற்றும். ஆகவேதான் தாய்மரத்தின் ஒட்டுகளை ஒரே வயலில் நட்டுப் பல ஆண்டுகள் ஒப்பிட வேண்டியிருக்கிறது. மேலும், வி.ஆர்.ஐ. 3 மரத்துக்கு 10 கிலோ, வி.ஆர்.ஐ. 1 மரத்துக்கு 7.2 கிலோ என்று படிக்கும் உழவர், அந்த மரம் எவ்வளவு நிலத்தை அடைத்துக்கொண்டது என்று கேட்க மாட்டாரா? மரக் கணக்கைவிட, கிளைப்பரப்பின் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கே நேர்மையானது. பழத்தைப் பற்றி என்ன சொல்வது! கொட்டையைப் போல் பல மடங்கு எடையுள்ள அது, கோவாவில் பெனி மதுவாகிறது. நம் தோப்புகளில் பெரும்பாலும் மண்ணில் அழுகுகிறது. அதன் சாற்றையும் துவர்ப்பையும் எந்த எண் சொல்லும்?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல்லாண்டு உழைப்பு ஓர் இரவில் விறகாயிற்று. காற்றுக்கு எந்த மரம் நிற்கும், வேர் துளைப்பானுக்கு எது தாங்கும் என்ற கேள்விக்கு அம் மூன்று எண்களில் விடையில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஹிக்கரி மரங்களின் பேரினத்தைச் சேர்ந்த பீகானில், அமெரிக்கர்களும் மெல்லிய ஓட்டையும் நிறைந்த பருப்பையும் கண்டு மயங்கினர். அவ்வகையில் புகழ்பெற்ற ஷ்லே ரகம், ஈரம் மிகுந்த தென்கிழக்கு மாநிலங்களில் சொறி நோய்க்கு இரையாயிற்று. புளோரிடாவில் தானாக முளைத்த எலியட் என்ற மரத்தின் கொட்டை சிறியது. ஆனால் அந்நோயை நன்கு எதிர்ப்பது. எடைக்கல் மட்டும் நடுவராக இருந்திருந்தால் எலியட் தோற்றிருக்கும்.

நம் எலியட் எந்தத் தோப்பில் நிற்கிறது? நிலக்கரிச் சுரங்கம் விரிந்தபோது தோப்புகள் பல மறைந்தன. புயல் சிலவற்றை எடுத்தது. எஞ்சியவற்றில் முதிர்ந்த மரங்களை வெட்டி ஒரே ரகத்தின் ஒட்டுக்கன்றுகளை நடுகிறார்கள். மகசூலுக்கு அது சரியே. எனினும் வெட்டுமுன் மரத்துக்கு நூறு கொட்டை எடுத்து நிறுக்கலாம். புயலில் நின்றதா, துளைப்பான் கண்டதா என்று தோப்புக்காரரைக் கேட்டு எழுதலாம். குறித்துவைத்த மரத்தின் நுனிக்குச்சியில் இலைகளைக் கிள்ளி, பத்து நாள் விட்டு வெட்டினால், இளந்தண்டு ஒட்டுக்கு அது போதும்.