ஏழு பேரும் பதினான்கு பேரும்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகாலையும் தென்காலையும் ஒட்டிய சிற்றூர்களில் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கபடி உண்டு. களத்தில் இறங்கும் ஏழு பேரும் ஊர்ப் பெயரைச் சுமந்தே இறங்குவார்கள். பெரியவர் அணிக்கு ஆள் திரட்டுவது கடினமில்லை. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் பண்டிகைக்கு வந்துவிடுவார்கள். சிக்கல் சப்-ஜூனியரில்தான். வயது 16-க்குள் இருக்க வேண்டும், எடையும் வரம்பைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு வரம்புக்குள்ளும் அடங்கும் பையன்கள் ஒரு சிற்றூரில் எத்தனை பேர் தேறுவார்கள்? பக்கத்து ஊர்க் குழுவோடு இளையோர் அணியை இணைத்துவிடலாமே என்ற யோசனை இங்கிருந்து பிறக்கிறது. ஊர்ப்பாசத்தால் அதைத் தள்ளுவதும் வசதி கருதி ஏற்பதும் ஒரே வகைப் பிழை. அதை ஆட்டத்தின் இலக்கணத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அயர்லாந்தின் கேலிக் கால்பந்துக் குழுக்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்தவை. 1884-இல் தொடங்கிய சங்கத்தின் கீழ் அவை பெரும்பாலும் தேவாலயப் பங்குக்கு ஒன்றாக வளர்ந்தன. முழு அணிக்கு 15 பேர் வேண்டும். நாட்டுப்புறத்தில் பிள்ளைகள் குறைந்தபோது, அண்டைக் குழுக்கள் இளையோர் நிலையில் சேர்ந்தும் பெரியவர் நிலையில் பிரிந்தும் ஆடத் தொடங்கின. அங்கே 15 என்ற எண் இணைப்புக்கு நியாயம் தருகிறது. ஆனால் அதே நாட்டில் சிறுவர் ஆட்டத்துக்கு ஆள் எண்ணிக்கையையே குறைத்து ஆட வைக்கும் வழியும் உண்டு. கபடியோ இயல்பிலேயே ஏழு பேர் ஆட்டம். அயர்லாந்தின் நியாயத்தை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஊர்களில் தலா ஒன்பது பையன்கள் இருப்பதாகக் கொள்வோம். தனித்தனி அணியானால் 14 பேர் களத்தில் நிற்பார்கள். இணைத்தால் 7 பேர் நிற்பார்கள், 5 பேர் மாற்று ஆட்டக்காரர்களாக உட்காருவார்கள், மீதி 6 பேருக்குப் பட்டியலிலேயே இடம் கிடையாது. அந்த ஆறு பேர் யார்? பெரும்பாலும் வயதில் இளையவர்கள், இன்னும் உடம்பு தேறாதவர்கள். இரண்டு ஆண்டு கழித்து அணியைத் தாங்க வேண்டியவர்கள் அவர்களே. இணைப்பு கோப்பையை நெருங்க வைக்கலாம். ஆனால் ஆடுகிறவர்களின் தொகையைச் சரிபாதியாக்கிவிடும். இளையோர் அணியின் வேலை கோப்பை வெல்வதைவிட ஆட்டக்காரர்களை வளர்ப்பது என்றால், இந்தக் குறை சிறியதன்று.

ஆனால் இணைப்பை வேண்டுவோர் காணும் குறையும் கற்பனையன்று. ஒன்பது பேர் போட்டிக்குப் போதும், பயிற்சிக்குப் போதாது. ஏழுக்கு ஏழு நின்று பழக 14 பேர் வேண்டும். நான்குக்கு ஐந்தாகப் பிரிந்து மாலைதோறும் ஆடும் பையனுக்கு நிறைகளத்தில் பாடிப்போகும் அனுபவமே கிடைப்பதில்லை. எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் புள்ளி உண்டு. ஆகவே போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும் துணிச்சலை அவன் போட்டியன்றுதான் முதன்முதலாகச் சோதிக்கிறான். நமது சிறு குழுக்களின் உண்மையான பற்றாக்குறை இதுதான். குழு நடத்துகிறவர்கள் இதை அணிப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்வதால் தீர்வும் தவறிப்போகிறது.

பாடிப்போவது பெரிதும் தனியாள் திறன். நல்ல ரைடர் எந்த அணியிலும் புள்ளி எடுப்பான். பிடி அப்படியன்று. மூலையில் நிற்பவனும் கவரில் நிற்பவனும் கைகோத்து, ஒருவன் கணுக்காலில் விழும் அதே நொடியில் மற்றவன் இடுப்பை வளைக்க வேண்டும். யார் முதலில் பாய்வது என்பது கண்ணசைவில் தீர்மானமாவது. பல மாதம் ஒரே மண்ணில் சேர்ந்து விழுந்து எழுந்தவர்களுக்கே அந்த ஒத்திசைவு வாய்க்கும். போட்டிக்கு முந்தைய வாரம் கூட்டிய இணைப்பு அணி ரெய்டில் மின்னும், பிடியில் சிதறும். வெளியூர் ஆட்களை இறக்கிக் கொடைப் போட்டி ஆடும் பெரியவர் அணிகளிடம் இந்தக் குறையை வாசகர்களும் கண்டிருப்பார்கள். அதே வழக்கத்தைச் சிறுவரிடமும் கொண்டுபோவது முறையன்று.

மணத்தி கணேசனைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் கபடி பேச முடியாது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். சிற்றூர்க் குழு போதும் என்பதற்கு அவரையே சான்றாக நிறுத்துவது வழக்கம். அந்தச் சான்று வலுவற்றது. அரிய ஆற்றல் ஓர் அமைப்பின் சிறப்பை நிறுவாது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்றவர்களில் கண்ணகி நகர் கார்த்திகா தன் குடியிருப்பின் குழுவில் வளர்ந்தவர். வடுவூர் அபினேஷ் அரசு விளையாட்டு விடுதியில் பயின்றவர். இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது, நாள்தோறும் மோதுவதற்கு நிறைய ஆட்கள்.

இணைப்பின் பக்கம் என்னைத் தயங்க வைக்கும் வாதம் ஒன்று உண்டு. இங்கே குழு என்பது பல இடங்களில் தெருவாகவும் சாதியாகவும் இருக்கிறது. கணேசனின் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் 2025-இல் எடுத்த 'பைசன் காளமாடன்' படம் அந்தச் சாதிப் பகையைத்தான் பேசியது. இணைந்த அணி அந்தச் சுவரை உடைக்கும் என்பது மதிக்கத்தக்க நம்பிக்கை. ஆனால் தேர்வு யார் கையில் இருக்கும்? பெரிய ஊர், பலமுள்ள தெரு, பணம் போடுகிறவர். ஏழு இடங்களைப் பங்கிடும்போது பழைய ஏற்றத்தாழ்வு பட்டியல் வழியாகத் திரும்பி வரும். விடுபட்ட பையனுக்கு ஆடச் சொந்தக் குழுவும் இருக்காது. ஒன்றாகப் பழகி, தனித்தனியாக ஆடும் முறையில் கைகோப்பது நடக்கும், கழிப்பது நடக்காது.

ஆகவே ஆண்பிள்ளைகளைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது: அணிகளை இணைக்க வேண்டாம், பயிற்சியை இணையுங்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு வாரம் ஒரு ஊர்க் களம், மறுவாரம் மற்ற ஊர்க் களம். ஓர் ஊரில் ஏழு பேர் தேறாத ஆண்டில் மட்டும் இணைந்து ஆடலாம். அதுவும் இரண்டு ஊர்ப் பெயரோடும் இருபக்கத் தேர்வாளரோடும், அந்த ஒரு பருவத்துக்கு.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் தீர்ப்பு மாறுகிறது. ஓர் ஊரில் மூன்று பேரும் அடுத்த ஊரில் நான்கு பேரும் ஆட விரும்பினால், தனி அணி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. யாரையும் வெளியேற்றும் அச்சமும் இல்லை. அவர்களுக்கு இணைப்பு அணி இந்தப் பொங்கலுக்கே வேண்டும். மாலைப் பயிற்சி முடிந்து அவர்களை வீடு சேர்க்கும் வண்டிச் செலவை இரண்டு ஊர்க் குழுக்களும் பாதிப் பாதியாக ஏற்க வேண்டும்.