பட்டறைக்கு எட்டாத சலுகை

பெரம்பலூர் வட்டாரத்தில் 'பட்டறை' என்றால் இரண்டு பொருள். லேத்தும் வெல்டிங்கும் ஓடும் இடம் ஒன்று. செட்டிகுளம் பக்கத்து உழவர்கள் சின்ன வெங்காயத்தைக் காற்றுப் படும்படி சேமித்து வைக்கும் அமைப்பு இன்னொன்று. இரண்டாவது பட்டறையில் வெங்காயம் அழுகாமலிருக்க முதல் பட்டறைக்காரர் ஒரு வழி தேடினால், அதுவும் ஆராய்ச்சிதான். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி உடைப்பவரின் கையை ஓட்டுப்பால் புண்ணாக்காதபடி ஒரு கருவி செய்ய முயல்வதும் ஆராய்ச்சிதான். இவர்களுக்கு வருமானவரிச் சட்டம் தரும் துணை எவ்வளவு?

ஏட்டளவில் நல்ல துணை. அந்தச் சட்டப்படி (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 35-ஆம் பிரிவு), தன் தொழில் சார்ந்த அறிவியல் ஆராய்ச்சிக்கான செலவை வருமானத்திலிருந்து முழுமையாகக் கழிக்கலாம். கருவி வாங்கிய முதலீட்டையும் ஆண்டுதோறும் தேய்மானமாக எழுதாமல் அதே ஆண்டில் கழிக்கலாம். நிலத்துக்கு மட்டும் இது பொருந்தாது. டி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் ஒப்புதல் பெற்ற சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருந்த நிறுவனங்களுக்கு இதற்கும் மேலே கிடைத்தது. 2010-11 முதல் அவை ஒரு ரூபாய் செலவுக்கு இரண்டு ரூபாய் கழித்துக்கொண்டன. 2017-18 முதல் அது ஒன்றரை ரூபாயானது. 2020-21 முதல் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான்.

இந்த முறையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எந்த யோசனை தேறும் என்று அதிகாரி முடிவு செய்வதில்லை. தொழில் தெரிந்தவரே முடிவு செய்கிறார். முதலில் தன் கைப்பணத்தைப் போடுவதால் அக்கறையோடு போடுகிறார். முயற்சி தோற்றாலும் செலவு செலவாகவே ஏற்கப்படுகிறது. தோல்விக்கு இடம் தராத எந்த உதவியும் ஆராய்ச்சிக்கு உதவாது.

குறை, சலுகை போய்ச்சேரும் பாதையில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கான கூடுதல் கழிவு கம்பெனிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தனியுரிமையாளரும் கூட்டாளி நிறுவனமும் அதன் வாசலைக்கூட மிதிக்க முடியவில்லை. நம் பட்டறைகளோ பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான்.

இதைவிட ஆழமான சிக்கல் உத்தேச இலாபப் பிரிவில் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏடி) உள்ளது. விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறுதொழிலர் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை) முழுக் கணக்கு எழுதத் தேவையில்லை. விற்றுமுதலில் 8 சதவீதத்தை, வங்கி வழி வரவென்றால் 6 சதவீதத்தை, இலாபமாகக் காட்டினால் போதும். எளிமையான ஏற்பாடு. ஆனால் இந்த வழியில் போகிறவருக்கு ஆராய்ச்சிக் கழிவு உட்பட எல்லாக் கழிவும் ஏற்கெனவே கொடுக்கப்பட்டதாகச் சட்டம் கருதிவிடுகிறது. 40 லட்சம் விற்றுமுதல் உள்ள ஒரு தனியுரிமையாளரின் பட்டறையை எடுத்துக்கொள்வோம். வரவெல்லாம் வங்கி வழி என்றால் கணக்கில் இலாபம் 2 லட்சத்து 40 ஆயிரம். அவர் 3 லட்சம் போட்டு ஒரு மாதிரி இயந்திரம் செய்து பார்த்தாலும் இந்தத் தொகை மாறாது. வேறு வருமானம் இல்லையென்றால் அவருக்கு வரியே கிடையாது. வரி இல்லாதவருக்கு வரிச்சலுகையை இரட்டிப்பாக்கினாலும் பூஜ்யம்தான் மிஞ்சும்.

பிரிட்டன் இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. 2000-ஆம் ஆண்டு முதல், நட்டத்தில் இருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆராய்ச்சிச் செலவில் ஒரு பங்கை அரசு பணமாகவே கொடுத்தது. பலன் பரவியது, முறைகேடும் பரவியது. 2020-21-இல் சிறு நிறுவனத் திட்டத்தில் ஏறத்தாழ கால் பங்கு பிழையாகவோ மோசடியாகவோ போனதாக அந்நாட்டு வரித்துறையே மதிப்பிட்டது. 2024 ஏப்ரலில் திட்டத்தை இறுக்கி மாற்றியமைத்தார்கள். பார்க்காமல் கொடுத்தால் பணம் ஒழுகும். டெல்லியில் உட்கார்ந்து மட்டும் பார்த்தால் சிறியவர் விடுபடுவார். ஆகவே பக்கத்திலிருந்து பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அதற்கான தொடக்கம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டம், யோசனையைச் சோதிக்க 2 லட்சம் வரையும் மாதிரியை மேம்படுத்த 5 லட்சம் வரையும் தருகிறது. வரி கட்டுபவரா என்ற கேள்வியே இதில் எழுவதில்லை. இதோடு வரிச்சட்டத்தையும் திருத்த வேண்டும். உத்தேச இலாப வழியில் போகிறவருக்கு ஓர் உச்சவரம்புக்குள் ஆராய்ச்சிக் கழிவைத் தனியாக அனுமதிக்கலாம். வரி வராதவருக்கு அதே மதிப்பைப் பணமாகத் தரலாம். பில்லோடு, தஞ்சாவூர் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமோ பொறியியல் கல்லூரியோ தரும் சோதனைச் சான்று போதும் என்று வைக்கலாம்.

எறையூரில் காலணித் தொழிற்பூங்கா வந்துவிட்டது. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லை நம்பிப் பெரிய சிமெண்ட் ஆலைகள் நிற்கின்றன. தங்களுக்கு வேண்டிய ஆராய்ச்சியை அவை எங்கு வைத்தும் செய்துகொள்ளும். செட்டிகுளத்து வெங்காயம் அழுகுவது அவற்றின் கவலை அல்ல. அந்தக் கவலை உள்ளவர் அருகிலேயே லேத் ஓட்டிக்கொண்டிருக்கிறார். சலுகை அவர் பட்டறை வாசலுக்குப் போகட்டும்.