கண்ணும் கன்னமும்: பழைய வேட்டை ரைஃபிள்களின் மூன்று மரபுகள்

பழைய வேட்டை ரைஃபிளைக் கையில் எடுப்பவர்கள் வால்நட் மரத்தின் வரியோட்டத்தைத் தனியாக ரசிப்பார்கள். ஸ்கோப்பைத் தனியாக ஆராய்வார்கள். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. தோளில் பதியும் மரக்கட்டையில் கன்னம் படியும் இடமே கண்ணின் உயரத்தை முடிவு செய்கிறது. ஸ்கோப்பைத் தாங்கும் அமைப்பு அந்த உயரத்துக்குப் பொருந்த வேண்டும். இந்த ஒரே கணக்குக்கு மூன்று மரபுகளின் கைவினைஞர்கள் மூன்று விடைகள் கண்டார்கள்.

லண்டன் மரபு

ரிக்பி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் நிறுவனங்கள் ஜெர்மனியின் மௌசர் போல்ட் அமைப்பைக் கொண்டு, ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் ரைஃபிள்கள் செய்தன. அடர்ந்த புதரில் விலங்கு மிக அருகில் எதிர்ப்படும். துப்பாக்கி தோளுக்கு வந்த கணமே குறி கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் குழல்மீது தாழ்வான இலைக்குறிகளை வைத்தார்கள். கட்டையின் மேல்விளிம்பையும் அதற்கேற்பத் தாழ்த்தினார்கள். முன்கட்டையைக் குட்டையாக்கி, வார் மாட்டும் வளையத்தைக் குழலிலேயே பொருத்தினார்கள். உதைப்பின்போது வளையம் கையில் இடிக்காது. ‘குமாயுன் புலிகள்’ வழியே தமிழ் வாசகர்கள் அறிந்த ஜிம் கார்பெட், சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் வீழ்த்தியதற்காகப் பரிசாகப் பெற்ற .275 ரிக்பி இந்த மரபைச் சேர்ந்தது.

ஜெர்மன், ஆஸ்திரிய மரபு

நடு ஐரோப்பிய வேட்டைக்காரர் அந்தி மங்கலில் மேடைமேல் காத்திருப்பவர். வெளிச்சம் குறைந்தபின் இரும்புக் குறி உதவாது. ஸ்கோப் அவருக்கு அடிப்படைத் தேவை. ஜெர்மனியின் சூல் நகரக் கைவினைஞர்கள் பேர்பெற வைத்த கொக்கித் தாங்கி இங்கேதான் உச்சம் தொட்டது. முன்கால்களைச் சாய்த்துச் செருகி, பின்கால்களை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். கழற்றி மாட்டினாலும் குறி பிசகாது. பல தாங்கிகள் உயரமானவை; அடியிலுள்ள இடைவெளி வழியே இரும்புக் குறியையும் பார்க்கலாம். அந்த உயரத்துக்கு விலையும் உண்டு: தாழ்ந்த கட்டையிலிருந்து கன்னம் எழும்பிவிடும், தலைக்குப் பிடிமானம் போய்விடும்.

ஆஸ்திரியாவின் ஸ்டெய்ர் நகரில் உருவான 1903 மான்லிகர்-ஷோனவர் ரைஃபிள் தனி அழகு. சுழல் மேகசின், கரண்டி போன்ற போல்ட் கைப்பிடி, குழல்முனை வரை நீளும் முழுக்கட்டை. ஆனால் போல்ட் கைப்பிடி பின்னோக்கி நழுவுவதற்காக போல்ட் ஓடும் உலோகக் கூட்டின் பின்பக்க மேல்வளைவான பின்பாலம் நடுவே பிளந்திருக்கும். அங்கே ஸ்கோப் தாங்கியைப் பொருத்துவது எளிதல்ல. முழுக்கட்டையும் ஈரத்தில் உப்பினால் குழலை அழுத்திக் குறியை நகர்த்தும்.

அமெரிக்க மரபு

அமெரிக்காவின் திறந்த மலைச்சரிவுகளில் தொலைவு அதிகம்; அதற்கும் ஸ்கோப் தேவைப்பட்டது. 1923-இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹவ், ரைஃபிளின் இடப்பக்கத்தில் பதிக்கும் பக்கத் தாங்கியால் புகழ்பெற்றது. நெம்புகோலைத் திருப்பினால் ஸ்கோப் கழன்றுவிடும். 1930-இல் பில் வீவர் மலிவான ஸ்கோப்பைக் கொண்டுவந்தபின், சாதாரண வேட்டைக்காரரும் அதைத் தாழ்வாகவும் நிலையாகவும் பொருத்தத் தொடங்கினார். மௌசரின் போல்ட் கைப்பிடியும் மேலே புரளும் பாதுகாப்புத் தாழும் தாழ்ந்த ஸ்கோப்பில் இடித்ததால், இரண்டையும் மாற்றியமைத்தார்கள். கட்டையும் நேரானது, உதைப்பு கன்னத்தைத் தாக்காமல் தோளுக்குச் சென்றது. ரைஃபிள் தயாரிப்பாளர் ராய் வெதர்பி கட்டையின் மேல்விளிம்பை உயர்த்தி, முன்னோக்கிச் சரியவிட்டார். ரைஃபிள் பின்வாங்கும்போது கட்டை கன்னத்தை விட்டு விலகும். பகட்டு என்று சிலர் பழித்த அந்தச் சரிவுக்கு உறுதியான காரணம் இருந்தது.

தர அளவுகோல்கள்

எந்த மரபானாலும் சோதனை ஒன்றே. குண்டு இல்லை என்று உறுதிசெய்து, பாதுகாப்பான திசையில், கண்ணை மூடித் தோளில் வையுங்கள். திறந்ததும் ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிய வேண்டும். கைப்பிடிக் கழுத்தில் மரவரி நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் உதைப்பில் பிளக்கும். மரமும் இரும்பும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும்.

கொக்கித் தாங்கி ஒவ்வொன்றும் அதற்குரிய ரைஃபிளுக்கென்றே அரத்தால் ராவிப் பொருத்தப்பட்டது. எனவே பழைய ஸ்கோப்பைப் பிரித்து விற்பது இரண்டையும் கெடுக்கும். மாற்றமில்லாத பழைய ரைஃபிளில் புதுத் துளை போடுவது அதைவிடப் பெரிய பிழை. துளையை அடைக்கலாம், அந்தக் கைவினைஞர் போட்ட கணக்கைத் திரும்பப் பெற முடியாது. இத்தகைய ரைஃபிளைக் காப்பவர் கட்டையையும் தாங்கியையும் ஸ்கோப்பையும் ஒரே படைப்பாக அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்.