சான்று தேடலும் சான்று மதிப்பீடும்: தமிழ் ஆய்வுப் பயிற்சியில் ஒரு குறை

முன்னுரை

தமிழ்த்துறை ஆய்வேடுகளின் முதல் இயலில் 'முதன்மை ஆதாரங்கள்', 'துணைமை ஆதாரங்கள்' என்னும் இரு உட்தலைப்புகள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆய்வுக்குரிய நூல் முன்னதாகவும், அதனைப் பற்றி எழுந்த நூல்களும் கட்டுரைகளும் பின்னதாகவும் சுட்டப்படும். இப்பாகுபாட்டைச் செய்துவிட்டால் ஆதாரங்கள் பற்றிய கடமை முடிந்தது என்னும் எண்ணம் மாணவரிடம் மட்டுமன்றி நெறியாளரிடமும் காணப்படுகிறது. ஆதாரத்தை வகைப்படுத்துவது வேறு. அதன் தகுதியை மதிப்பிடுவது வேறு. முன்னது கற்பிக்கப்படும் அளவிற்குப் பின்னது கற்பிக்கப்படுவதில்லை. இக்குறையினால் விளையும் கேட்டையும், அதனைக் களையும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பயிற்சிக்குரிய இடம்

சான்று தேடும் பயிற்சிக்கு நெடுங்காலம் இடமளித்து வந்தது ஆய்வியல் நிறைஞர் பட்டப்படிப்பாகும். ஓராண்டில் சிறு ஆய்வேடு ஒன்றை எழுதுவதன்வழி மாணவர் நூலகத்தில் பழகினர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அப்படிப்பைக் கைவிட்டன. முதுகலை முடித்தவர் நேரே முனைவர் பட்ட ஆய்விற்குள் நுழைகின்றனர். நான்காண்டு இளநிலைப் படிப்பில் ஆய்வேடு எழுதும் வாய்ப்பும் வந்துள்ளது. எனவே, முன்பு இடைநிலையில் கிட்டிய பயிற்சியை இளநிலை, முதுநிலை வகுப்புகளே வழங்க வேண்டிய நிலை தோன்றியுள்ளது. இம்மாற்றத்தைப் பாடத்திட்டங்கள் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை.

ஒரு கூற்றும் எட்டு நூல்களும்

'சங்க நூல்கள் அனைத்தையும் முதன்முதலில் அச்சிட்டவர் உ.வே. சாமிநாதையர்' என்னும் கூற்று வினா-விடை நூல்களிலும் மேடைகளிலும் பரவலாக வழங்குகிறது. இதனை எட்டுத்தொகை அளவில் சோதித்துப் பார்க்கலாம். புறநானூறு (1894), ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904), பரிபாடல் (1918) ஆகிய நான்கும் சாமிநாதையர் பதிப்பாகவே முதலில் வெளிவந்தன. கலித்தொகையை 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்தார். நற்றிணையைப் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரும், குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனும் 1915இல் வெளியிட்டனர். குறுந்தொகைக்குச் சாமிநாதையர் பதிப்பு 1937இல்தான் வந்தது. அகநானூற்றை முதலில் அச்சேற்றிய பணி வே. இராசகோபாலையங்கார், ரா. இராகவையங்கார் ஆகியோரைச் சாரும்.

இவ்விவரங்கள் மறைபொருள் அல்ல. பதிப்பு வரலாறு கற்றோர் அனைவரும் அறிந்தவையே. ஆயினும் முதற்கூற்று வாழ்கிறது. அதனைச் சொல்லும் நூல்கள் பல என்பதே மாணவருக்குச் சான்றாகிவிடுகிறது. ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதப்பட்ட இருபது நூல்கள் இருபது சான்றுகள் ஆகா. அவை ஒரே சான்றின் இருபது படிகளாகும். சாமிநாதையரின் பெருமை இத்திருத்தத்தால் குறைவதில்லை. மாறாக, ஏனையோரின் உழைப்பு மறைக்கப்படாமல் காக்கப்படுகிறது. சான்று மதிப்பீடு என்பது வெறும் நுட்பமன்று. உழைத்தவர்க்கு உரியதை வழங்கும் நேர்மையும் அதனுள் அடங்கும்.

மின்பதிப்பும் சொல் தேடலும்

தில்லி, வாரணாசி முதலிய இடங்களில் பயிலும் தமிழ் மாணவர்க்குச் சென்னை நூலகங்கள் தொலைவிலுள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இவர்களுக்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மின்பதிப்பு எந்த அச்சுப் பதிப்பின் வழியது என்று கேட்கும் பழக்கம் அரிதாகவே உள்ளது. சங்கப் பாடல்களை மர்ரே எஸ். ராஜம் 1957 முதல் சந்தி பிரித்து வெளியிட்டார். சந்தி பிரிப்பதும் ஒருவகையில் பொருள்கோள் ஆகும். பிரித்த பாடத்தையே மூலபாடம் எனக் கொள்ளும் மாணவர் பதிப்பாசிரியரின் முடிபைப் புலவரின் சொல்லாகக் கொண்டு விடுகின்றனர்.

சொல் தேடலிலும் இடர் உண்டு. 'கடல்' எனத் தட்டச்சிட்டுத் தேடும் மாணவருக்கு மெய்யீற்று வடிவம் அமைந்த இடங்கள் கிட்டும். 'கடலின்', 'கடலொடு' ஆகியவற்றில் லகர மெய்யின் மேல் உயிர் ஏறிப் புள்ளி நீங்கி விடுவதால் அவை அகப்படுவதில்லை. 'கடற்கரை' என லகரம் றகரமாகத் திரிந்த இடங்களும் தப்பிவிடும். முந்நீர், பௌவம், பரவை என்னும் பிற பெயர்களோ தேடலின் எல்லைக்குள் வருவதே இல்லை. இத்தகைய தேடலை நம்பி 'இந்நூலில் இத்தனை இடங்களில் இச்சொல் பயில்கிறது' என முடிவுரைத்தல் பிழையாகும். 'இந்நூலில் இச்சொல் இல்லை' என்பது அதனினும் பெரும்பிழையாக முடியும். புணர்ச்சி இலக்கணம் கற்ற தமிழ் மாணவர் இதனை எளிதில் உணர்வர். இலக்கண வகுப்பும் ஆய்வு வகுப்பும் தனித்தனியே நடப்பதே உணராமைக்குக் காரணம் எனலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967-70 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவோடு தேடல் முடிவுகளை ஒப்பிடச் செய்தால் இருவழிகளின் குறைநிறைகளும் புலப்படும்.

பட்டியலும் இயந்திரமும்

ஆய்விதழின் தகுதியைப் பட்டியலைக் கொண்டு அறியும் வழக்கமும் வேரூன்றியிருந்தது. மானியக் குழு 2018இல் அறிவித்த 'கேர்' பட்டியலில் இதழின் பெயர் உண்டா என்பதே ஆய்வாளரின் முதல் வினாவாக இருந்தது. 2025 பிப்ரவரியில் அப்பட்டியல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இதழைத் தாமே படித்து மதிப்பிடும் பொறுப்பு அதனால் மீண்டும் துறைகளையே சேர்ந்துள்ளது. பட்டியல் இருந்த காலத்திலும் அது இதழைப் பற்றிய முடிபேயன்றி, அதிலுள்ள ஒவ்வொரு கட்டுரையைப் பற்றிய முடிபன்று.

2022 இறுதி முதல் பரவிய உரையாடல் செயலிகள் புதியதோர் இடரைத் தந்துள்ளன. இவை இல்லாத நூலுக்கும் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை ஐயமெழா வண்ணம் அளிக்க வல்லவை. நூலைக் கண்ணால் கண்டபின்னரே துணைநூற்பட்டியலில் சேர்த்தல் என்னும் பழைய நெறி இங்குப் புதிய தேவையைப் பெறுகிறது.

மேற்கொள்ளத்தக்க வழி

விரிவான பாடநூலை விடச் சிறு பயிற்சியே இதற்குப் பயன்தரும். ஒவ்வொரு மாணவரிடமும் நன்கறியப்பட்ட கூற்று ஒன்றைக் கொடுத்து, அது முதலில் எங்கே சொல்லப்பட்டது, சொன்னவர்க்கு அதனை அறியும் வாய்ப்பு இருந்ததா, மூலநூலின் முகப்புப்பக்கமும் பதிப்புரையும் அதனை உறுதிசெய்கின்றனவா, மாறுபட்ட சான்று உண்டா என்னும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதச் செய்யலாம். இரண்டு பக்கம் போதும். தொலைவிலுள்ள துறைகளுக்குப் பழம்பதிப்புகளின் மின்படிகளும் கொல்கத்தா தேசிய நூலகத்தின் தமிழ்ப் பிரிவும் உதவும்.

பாடச்சுமைக்கிடையே இதற்கு நேரமில்லை என்பர். பட்டியலில் நூறு நூல்கள் வேண்டும் என்னும் எழுதா விதியைத் தளர்த்தினால் நேரம் தானே கிட்டும். படிக்காத நூல்களைப் பட்டியலிடும் உழைப்பு, படித்த பத்து நூல்களைச் சோதிக்கும் உழைப்பாக மாறும். ஆய்வேட்டைத் திருத்துவோரும் எண்ணிக்கைக்கு அல்லாமல், சான்றின் மூலம்வரை சென்றமைக்கே மதிப்பெண் வழங்குதல் வேண்டும். இது நிகழாதவரை மாணவரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தமிழ் ஆய்வுப் பயிற்சி ஆதாரங்களைத் திரட்டுவதில் காட்டும் அக்கறையை அவற்றைச் சோதிப்பதில் காட்டவில்லை என்பது பெறப்படுகிறது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்த பதிப்பாசிரியர்கள் இச்சோதனையை முன்பே செய்து காட்டியுள்ளனர். அவர்தம் பதிப்புகளை மேற்கோளுக்காக மட்டும் புரட்டாமல், அவற்றின் முகவுரைகளைச் சான்று மதிப்பீட்டிற்குரிய பாடமாகவே வகுப்பில் வைத்தல் தகும்.