அரை விநாடிப் பந்து

2014 என்பிஏ கூடைப்பந்து இறுதித் தொடரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஆடியதை இப்போது பார்த்தாலும், கண் பந்தைத் துரத்தியே களைத்துப்போகும். பந்து யார் கையிலும் தங்குவதில்லை.

அப்போதைய பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச்சின் கணக்கு எளிது. பந்து கைக்கு வந்த அரை விநாடிக்குள் எறிவதா, கடத்துவதா, ஊடுருவுவதா என்று முடிவெடுக்க வேண்டும். நல்ல வாய்ப்பு கிடைத்தாலும், பக்கத்தில் நிற்பவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருந்தால் பந்து அவருக்குத்தான். தடுப்பவர் திரும்புவதற்குள் பந்து கைமாறிவிடுவதால், கடைசியில் யாராவது ஒருவர் தடுக்க ஆளில்லாமல் தனியாக நிற்பார்.

வர்ஜின் தீவுகளின் டிம் டங்கன், பிரான்ஸின் டோனி பார்க்கர், அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி என்று நட்சத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கும் வேலை இருந்தது. அணி 62 ஆட்டங்களை வென்றது.

இத்தனைக்கும் முந்தைய ஆண்டுதான் மயாமி ஹீட்டிடம் கோப்பையைப் பறிகொடுத்திருந்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் சில விநாடிகளே மிச்சமிருக்க, மயாமியின் ரே ஆலன் போட்ட மூன்று புள்ளி அதைத் தட்டிப் பறித்தது. பாப்போவிச் முக்கிய ஆட்களை மாற்றவில்லை, முறையையும் மாற்றவில்லை.

இம்முறை அதே மயாமியை 4-1 என்று வென்றார்கள். நான்கு வெற்றிகளிலும் இடைவெளி 15 புள்ளிக்குக் குறையவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் முதல் பாதியில் 33 எறிதல்களில் 25 கூடைக்குள் விழுந்தன. தொடர் நாயகன் விருது மூன்று மூத்தவர்களுக்கும் அல்ல, 22 வயது கவாய் லெனார்டுக்கு.