படர்க்கையை உளப்படுத்தல்: விவிலியப் பரிந்துரை மன்றாட்டுகளின் கூற்றுநிலை

ஆய்வுச்சுருக்கம்

பிறர்க்காக வேண்டுதல் கிறித்தவ வழிபாட்டின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று. அவ்வேண்டுதலில் வேண்டுபவர், வேண்டப்படுபவர், கடவுள் என மூவர் இடம்பெறுகின்றனர். இம்மூவருக்கும் இடையிலான உறவு கூற்றின் இடப்பெயர்களில் எவ்வாறு பதிவாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் இலக்கணம் கூறும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை இதற்கு ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. விவிலிய நூல்களின் பெயர்கள் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மன்றாட்டு, பரிந்துரை, உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, கூற்று, விவிலியம், மொழிபெயர்ப்பு

முன்னுரை

பிறர்க்காக வேண்டுதல் அன்பின் செயல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் ஒருவர் மற்றொருவருக்காக வேண்டும்போது தம்மை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. குற்றமற்றவராக விலகி நின்று குற்றவாளிக்காகப் பேசலாம். அவரோடு ஒருவராகச் சேர்ந்து நின்றும் பேசலாம். இரண்டும் பரிந்துரையே எனினும், பிறரைக் குறித்த பார்வை இரண்டிலும் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டை வேண்டுபவரின் உள்ளக்கிடக்கையைக் கொண்டு அளக்க இயலாது. அவர் கையாளும் தன்மை, முன்னிலை, படர்க்கைச் சொற்களைக் கொண்டு அளக்க இயலும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மன்றும் மன்றாட்டும்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் 'மன்றாட்டு' என்னும் சொல் வேரூன்றியுள்ளது. 'மன்று' என்பது ஊர் கூடும் பொது இடத்தையும் வழக்குரைக்கும் அவையையும் குறிக்கும். 'மன்றாடுதல்' என்பதற்கு வழக்காடுதல் என்னும் பொருளும் இரந்து வேண்டுதல் என்னும் பொருளும் உண்டு. வேண்டுதலை அவையில் நிகழும் செயலாகக் காணும் இப்பார்வை விவிலிய மரபுக்கு அயலானதன்று. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம், எல்லா மக்களுக்காகவும் வேண்டுமாறு பணிக்கிறது. அவ்விடத்தில் வரும் 'என்டெயுக்சிஸ்' என்னும் கிரேக்கச் சொல், தாலமி அரசர் கால எகிப்தில் மன்னருக்கு அளிக்கப்பட்ட முறையீட்டு மனுவையும் குறித்தது. அவையில் பிறருக்காகப் பேசுபவர் தம் உறவையும் தெளிவுபடுத்த வேண்டும். யார், எந்த உரிமையில் பேசுகிறார் என்பது அங்கே எழும் முதல் வினா. மன்றாட்டின் கூற்றுநிலை பொருட்படுத்தத்தக்கதாவது இதனால்தான்.

உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

எபிரேயமும் கிரேக்கமும் தன்மைப் பன்மைக்கு ஒரு பெயரையே கொண்டுள்ளன. கேட்பவர் அதில் அடங்குவாரா என்பதைச் சொல்வடிவம் காட்டாது. தமிழோ 'நாம்', 'நாங்கள்' எனப் பிரிக்கிறது. தன்மைப் பன்மை ஈறுகளுள் அம், ஆம் ஆகியன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஆகியன படர்க்கையாரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் என்பது நன்னூல் தரும் விளக்கம். இன்றைய வழக்கில் வினையீறு இரண்டிற்கும் பொதுவாகிவிட்டாலும் பெயர்களில் அவ்வேறுபாடு நிலைத்துள்ளது.

ஆகவே விவிலியத்தைத் தமிழாக்குபவர், மூலம் வேண்டாத ஒரு தேர்வை ஒவ்வோர் இடத்திலும் செய்தாக வேண்டும். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சில் நிறைவுற்றது முதல் இன்றுவரை இத்தேர்வு தொடர்கிறது. சபையை நோக்கிப் பேசும் மறையுரை 'நாம்' என்கிறது. கடவுளை நோக்கிய வேண்டல் 'நாங்கள்' என்கிறது. இயேசு கற்பித்த வேண்டலின் தொடக்கத்தில் 'எங்கள்' நிற்பதும் இம்முறைப்படியே. இச்சொல்லைக் கடவுளை விலக்கும் சொல்லாக மட்டும் காண்பது குறைபட்ட வாசிப்பாகும். இலக்கண நூலார் கூறுவதுபோல் அது படர்க்கையாரை உளப்படுத்தும் சொல். அவ்வேண்டலைத் தனியறையில் ஒருவர் சொன்னாலும், அங்கில்லாத பிறர் அவரது கூற்றுக்குள் வந்து சேர்கின்றனர்.

சோதோமுக்காக ஆபிரகாம்

தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் சோதோமுக்காகப் பேசுகிறார். நேர்மையாளர் 50 பேர் எனத் தொடங்கி 45, 40, 30, 20, 10 என ஆறு படிகளில் வேண்டுகிறார். உலகனைத்துக்கும் நடுவராகிய கடவுள் நீதி வழுவலாமா என்பதே அவரது வாதத்தின் மையம். 'மன்றாட்டு' என்னும் சொல்லின் வழக்காடற் பொருள் முழுமையாகப் பொருந்தும் இடம் இது.

ஆயினும் இப்பகுதி முழுவதிலும் சோதோம் மக்கள் படர்க்கையிலேயே நிற்கின்றனர். ஆபிரகாம் தம்மைத் தூசியும் சாம்பலும் எனத் தாழ்த்திக்கொள்கிறார். அத்தாழ்வு கடவுள்முன் கொண்ட தாழ்வு. சோதோமியரோடு கொண்ட உறவன்று. அந்நகரில் வாழும் தம் உடன்பிறந்தார் மகன் லோத்தின் பெயரையும் அவர் சொல்லவில்லை. உறவை மறைத்துப் பொதுநீதியின் பெயரால் வாதிடுவதே இம்மன்றாட்டின் வலிமை. அதன் எல்லையும் அதுவே. எண்ணிக்கை பத்தில் நின்றுவிடுகிறது; நேர்மையாளர் ஒருவரும் இல்லாத நகருக்காகப் பேச இவ்வாதத்தில் இடமில்லை. நேர்மையாளரை முன்னிட்டுப் பிறரைக் காக்க வேண்டும் வேண்டுதல், நேர்மையாளர் இல்லாதபோது சொல்லற்றுப் போகிறது.

மோசேயின் மூன்று நிலைகள்

விடுதலைப் பயணம் 32 முதல் 34 வரையுள்ள அதிகாரங்களில் கூற்றுநிலை படிப்படியாக மாறுகிறது. பொற்கன்றை வழிபட்ட மக்களைக் குறித்துக் கடவுள் மோசேயிடம் 'உன் மக்கள்' என்கிறார். மோசே அச்சொல்லை ஏற்காமல் 'உம் மக்கள்' எனத் திருப்பி அளிக்கிறார். மக்கள் யாருடையவர் என்னும் இவ்வழக்கு முழுவதும் ஓர் உடைமைப் பெயரைச் சுற்றியே நடைபெறுகிறது. மோசேயிடமிருந்து ஒரு பேரினத்தை உருவாக்குவதாகக் கடவுள் கூறியதையும் அவர் பற்றிக்கொள்ளவில்லை. இது முதல் நிலை.

இரண்டாம் நிலையில், மக்களை மன்னிக்காவிடில் தம் பெயரையும் கடவுளின் நூலிலிருந்து நீக்கிவிடுமாறு அவர் கேட்கிறார். தன்னை இழக்கத் துணியும் இக்கூற்று உயர்ந்ததே. எனினும் இங்கும் மக்கள் 'அவர்கள்', மோசே 'நான்'. கடவுள் இதனை ஏற்காமல், பாவம் செய்தவரையே நீக்குவதாக விடையளிக்கிறார்.

மூன்றாம் நிலை 34ஆம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனம். அதில் மோசே மக்களை வணங்காக் கழுத்தினர் எனப் படர்க்கையில் குறித்த அதே மூச்சில், 'எங்கள்' பாவத்தை மன்னிக்குமாறு கேட்கிறார். கன்று வார்க்கப்பட்டபோது அவர் மலைமேல் இருந்தார். அக்குற்றத்தில் அவருக்குப் பங்கில்லை. ஆகவே இத்தன்மைப் பன்மை நிகழ்ந்ததைக் கூறும் வாக்குமூலம் அன்று. உறவை நிறுவும் செயல். குற்றத்தை அவர் மறைக்கவுமில்லை. குற்றவாளியைத் தனியே நிறுத்தவுமில்லை. தானியேல் 9ஆம் அதிகாரத்தின் வேண்டலும் 'நாங்கள்' பாவம் செய்தோம் என இவ்வழியே செல்கிறது.

நம்முள் எனும் சொல்

யோவான் 17ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடருக்காகவும், அவர்கள் சொல்லால் நம்பிக்கை கொள்ளவிருப்போருக்காகவும் வேண்டுகிறார். இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் நிலை தனித்தன்மை வாய்ந்தது. மகன் தந்தையை நோக்கித் தன்மைப் பன்மையில் பேசுகிறார். கேட்பவராகிய தந்தையும் அப்பன்மையில் அடங்குகிறார். எனவே மற்ற வேண்டல்களில் வரும் 'நாங்கள்' இங்கே பொருந்தாது. 'நாம்' என்பதே பொருந்தும். தமிழ் மொழிபெயர்ப்புகள் அதனையே கொண்டுள்ளன. வேண்டப்படும் 'அவர்கள்' இந்த 'நாம்' என்னும் ஒருமைப்பாட்டிற்குள் இருக்க வேண்டும் என்பதே அவ்வேண்டலின் பொருள். மோசேயின் 'எங்கள்' வேண்டுபவரைப் பிறரிடம் கொண்டுசேர்க்கிறது. யோவான் 17இன் 'நாம்' பிறரைக் கடவுளிடம் கொண்டுசேர்க்கிறது. எபிரேயமும் கிரேக்கமும் ஒரே பன்மையால் உணர்த்தும் இவ்விரு இயக்கங்களும் தமிழில் இரு வேறு சொற்களாக வெளிப்படுகின்றன.

படர்க்கையில் நிறுத்துவதன் விளைவு

பிறரைப் படர்க்கையிலேயே நிறுத்தும் கூற்றின் எதிர்நிலைச் சான்று லூக்கா 18இல் வரும் பரிசேயரின் வேண்டல். அவர் பிறரைக் குறிப்பிடுவது தாம் அவர்களைப் போல் அல்லர் எனக் கடவுளுக்கு நன்றி கூறுவதற்காக மட்டுமே. அவ்வேண்டல் பரிந்துரையன்று எனத் தள்ளிவிடலாம். ஆனால் பரிந்துரையின் வடிவிலேயே இவ்விலக்கம் நிகழ்ந்ததற்கு வழிபாட்டு வரலாறு சான்று தருகிறது.

கத்தோலிக்கத் திருஅவையின் புனித வெள்ளி வழிபாட்டில் யூதருக்கான மன்றாட்டு நீண்ட காலம் அவர்களை நம்பிக்கையற்றவர் எனப் பொருள்படும் இலத்தீன் அடைமொழியோடு குறித்தது. பிற மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்ட சபை இதற்கு மட்டும் முழந்தாளிடாதிருந்தது. முழந்தாளிடுதல் 1955இல் சேர்க்கப்பட்டது. அந்த அடைமொழியை 1959இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் நீக்கினார். 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில் மன்றாட்டே புதிதாக எழுதப்பட்டது. ஒருவருக்காக வேண்டுவதாலேயே அவரை மதிப்பதாகிவிடாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

உளப்படுத்தலின் இடர்

உளப்படுத்தும் கூற்றும் இடரற்றதன்று. பிறரின் இசைவின்றி அவரைத் தம் 'நாங்கள்' என்பதற்குள் அடக்குவது அவரது குரலை விழுங்குவதாகலாம். துன்புற்றவரும் துன்புறுத்தியவரும் கூடியிருக்கும் இடத்தில் 'எங்கள் பாவம்' எனப் பொதுவாகச் சொல்வது பொறுப்பை மங்கச் செய்யும். மோசேயின் கூற்று இவ்விடருக்குத் தப்புவதற்குக் காரணம் உண்டு: அவர் குற்றத்தில் பங்கற்றவராக இருந்து அதனைத் தம்மேல் ஏற்றார். குற்றமுடையவர் அதே சொல்லால் தம் பங்கைப் பலர்மேல் பரப்பினால் அது எதிர்த்திசைச் செயலாகிவிடும். சொல் ஒன்றே, யார் சொல்கிறார் என்பதால் அதன் அறம் மாறுகிறது.

யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் இதற்கு ஒரு காப்பைத் தருகிறது. பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடவும் ஒருவருக்காக ஒருவர் வேண்டவும் அது பணிக்கிறது. அங்கே வேண்டுபவரும் வேண்டப்படுபவரும் இடம் மாறிக்கொள்கின்றனர். எவரும் எப்போதும் படர்க்கையாக நின்றுவிடுவதில்லை.

முடிவுரை

ஆபிரகாமின் வாதம் பிறரை 'அவர்கள்' என நிறுத்தி நீதியைக் கேட்கிறது. மோசேயின் மூன்றாம் வேண்டல் அவர்களை 'எங்கள்' என்பதற்குள் ஏற்று மன்னிப்பைக் கேட்கிறது. யோவான் 17 அவர்களுக்காக 'நாம்' என்பதைத் திறக்கிறது. இம்மூன்றையும் ஏறுவரிசை வளர்ச்சியாகக் காண வேண்டியதில்லை. அநீதி நிகழும் இடத்தில் ஆபிரகாமின் விலகி நின்ற வாதமே தேவைப்படலாம். ஆனால் பரிந்துரையை மதிப்பிடும் திறனாய்வாளர், வேண்டப்பட்ட பொருளை மட்டும் நோக்காமல் வேண்டுபவர் எந்த இடப்பெயரில் நிற்கிறார் என்பதையும் நோக்குதல் வேண்டும். தமிழ்க் கிறித்தவ மன்றாட்டு நூல்களையும் செய்யுள் இலக்கியங்களையும் இந்நோக்கில் வாசிப்பது அடுத்துச் செய்யத்தக்க பணியாகும். அதற்கு வேண்டிய கருவியைத் தன்மைப் பன்மையை வகுத்த நம் இலக்கண நூலார் முன்னரே தந்துள்ளனர்.