மடுவத்துத் தராசும் வல்லரசுகளின் சந்தையும்: மலையக எழுத்து பற்றிய ஒரு நோக்கு

மலையக இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் லயத்திலே தொடங்கிப் பிரட்டுக்களத்திலே முடிவடைகின்றன. இஃது இயல்பானதே. ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே வாழும் தொழிலாளி தன் உழைப்பின் மதிப்பை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் கொழுந்து மடுவமாகும். காலை முதல் பறித்த கொழுந்து அங்கே நிறுக்கப்படுகின்றது. அன்றைய நாளுக்குரியது முழுப்பேரா அரைப்பேரா என்பது அங்கேயே முடிவாகின்றது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற சிறுகதையிலே ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையே அவளுடைய நேர்மை பற்றிய வினாவாக மாறுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுத, சக்தீ அ. பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழில் தந்த நெடுங்கவிதையும், 1930களில் எழுந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும் தோட்டத்தின் உள்ளுலகையே பொருளாகக் கொண்டவை. தேயிலைக்குப் பின்னால் இருந்த மனிதரைத் தமிழ் வாசகர் முன் நிறுத்தியமை இப்படைப்புகளின் அழியாத பெறுபேறாகும்.

ஆயினும், மடுவத்துத் தராசிலே ஒரு தட்டில் கொழுந்து இருக்க, மறுதட்டில் இருப்பது எது என்ற வினா மலையக விமர்சனத்திலே போதிய அளவு எழுப்பப்படவில்லை. துரையும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கண்ணுக்குத் தெரியும் அதிகாரிகள். இவர்களுக்கு அப்பால், கொழும்பு ஏலத்திலும் இலண்டன், மொஸ்கோ, தெஹ்ரான், வாஷிங்டன் முதலிய நகரங்களிலும் எடுக்கப்படும் முடிவுகள் அத்தராசின் மறுதட்டிலே படிக்கற்களாக வைக்கப்படுகின்றன. வல்லரசுகளுக்கிடையிலான போட்டி வணிக உறவாகவும் பொருளாதாரத் தடையாகவும் வடிவெடுத்து மலையகத்தை எவ்வாறு தீண்டியது என்பதை அறியாமல் மலையக எழுத்தின் எல்லையை மதிப்பிடுதல் இயலாது.

வணிக உறவு பற்றி இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. நாடுகள் ஒன்றோடொன்று வணிகம் செய்யுமாயின் பகை தணியும் என்பது ஒன்று. வணிகத்தை நிறுத்தினால் எதிரி பணிவான் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வல்லரசுகளின் தலைநகரங்களிலிருந்து நோக்கியோர் உருவாக்கிய கருத்துகளாகும். ஹற்றனிலிருந்து நோக்குமிடத்து வேறொன்று புலப்படுகின்றது. தடை பல வேளைகளில் வணிகத்தை அழிப்பதைவிட அதன் பாதையையே மாற்றுகின்றது. பாதை மாறும் தறுவாயிலே சிறிய நாட்டின் அரசுக்குப் பேரம் பேசும் வாய்ப்பொன்று கிட்டுகின்றது. அப்பேரத்தின் பொருளை உற்பத்தி செய்தவருக்கோ அதிலே இடமிருப்பதில்லை.

‘துன்பக்கேணி’ தோன்றிய காலத்தை முதலில் நோக்கலாம். உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்தபோது, 1933இல் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா, இலங்கை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர் தத்தம் ஏற்றுமதிக்கு அளவு விதித்துக்கொண்டனர். இரு பேரரசுகளின் முதலாளிகள் போட்டியை நிறுத்திச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு அது. எவ்வளவு கொழுந்து பறிக்கப்பட வேண்டும் என்பதும், யாருக்கு எத்தனை நாள் வேலை என்பதும் அந்த ஏற்பாட்டோடு பிணைந்திருந்தன. புதுமைப்பித்தனின் கதையிலே தோட்டத்தின் கொடுமை முழு வலிமையுடன் வெளிப்படுகின்றது. அக்கொடுமைக்குப் பின்னாலிருந்த சந்தை கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

இலங்கையின் வரலாற்றிலே தடையும் வணிகமும் நேரடியாக மோதிய முதற்பெரும் நிகழ்ச்சி 1952 டிசம்பரில் சீனாவுடன் கைச்சாத்தான இறப்பர்–அரிசி ஒப்பந்தமாகும். கொரிய யுத்தத்தின்போது, 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சீனாவுக்குப் போர்முறை முக்கியத்துவமுடைய பொருள்களை அனுப்புவதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த மலாயா சீனாவுக்கு இறப்பர் அனுப்புவதை நிறுத்தியது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடன்று, 1955இலேயே அது உறுப்புரிமை பெற்றது. இறப்பர் விலை வீழ்ந்து அரிசி விலை ஏறியிருந்த அவ்வேளையில், ஆண்டுக்கு 50,000 மெற்றிக் தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 மெற்றிக் தொன் அரிசியைப் பெறும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங்கில் நிறைவேற்றினார். இறப்பருக்குக் கிடைத்த விலை சந்தை விலையினும் உயர்ந்ததாக இருந்தது. கம்யூனிச எதிர்ப்பைக் கொள்கையாகக் கொண்ட ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே இதனைச் செய்தது. சீனாவுடன் இராஜதந்திர உறவு 1957இலேயே ஏற்பட்டது. அமெரிக்காவோ தனது சட்டத்தைக் காட்டி 1956 வரை இலங்கைக்கு உதவி வழங்க மறுத்தது.

இவ்வொப்பந்தம் சிறு நாடொன்றின் துணிவுக்குச் சான்றாகப் போற்றப்படுகின்றது. அப்போற்றுதல் தகுதியானதே. ஆனால் அதே ஆண்டின் மற்றொரு பக்கத்தையும் சேர்த்து வாசித்தல் வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கியிருந்தன. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை போன்றோருக்கு அங்கே மீண்டும் இடமில்லாமற் போயிற்று. 1952 ஏப்ரலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது. எட்டு மாதங்களின் பின் இறப்பர் சீனாவுக்குக் கப்பலேறியபோது, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் அவ்விறப்பர்ப் பாலை வெட்டியோரில் பெருந்தொகையினர் அந்நாட்டின் பிரசைகளல்லர். சீனாவின் தேவையை விரைந்து உணர்ந்த அரசு, தன் மரங்களிலே பால் வெட்டியவரின் தேவையை உணரவில்லை. ஒப்பந்தத்தின் பின் ஏழு மாதங்களில், 1953 யூலையில், ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் ஹர்த்தால் அதன் விளைவாகும். வல்லரசுப் போட்டியின் இடைவெளியிலே அரசு பெற்ற இலாபம் தானாகவே உழைப்போரின் உலைக்கு வந்து சேரவில்லை என்பதற்கு இது போதிய சான்றாகும்.

அடுத்த பத்தாண்டிலே வரலாறு இன்னும் கசப்பான வடிவமெடுத்தது. 1962இல் அரசாங்கம் அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளைப் பொறுப்பேற்றுச் சோவியத் ஒன்றியத்திலிருந்து மலிவாக எண்ணெய் இறக்குமதி செய்தது. நட்டஈடு வழங்கப்படவில்லை என்ற காரணத்தால் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா, ஹிக்கன்லூப்பர் திருத்தம் எனப்படும் சட்டவிதியை முதன்முதலாக இலங்கையின் மீது பிரயோகித்து உதவியை நிறுத்தியது. 1965இல் நட்டஈட்டுக்கு உடன்பட்ட பின்னரே உதவி மீண்டது. இதே காலத்தில் இந்தியாவும் சீனாவும் 1962 யுத்தத்தால் பகை நாடுகளாயின. சீனாவுடன் வணிகமும், 1963இல் கடற்போக்குவரத்து உடன்படிக்கையும் கொண்டிருந்த இலங்கையைத் தன்பால் வைத்திருப்பது இந்தியாவுக்கு முக்கியமாயிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை இப்பின்னணியில் வைத்து நோக்குவதற்கு இடமுண்டு. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. 1952இல் இறப்பருக்கும் அரிசிக்கும் தொகை குறித்தது போலவே இங்கு மனிதருக்குத் தொகை குறிக்கப்பட்டது. அவர்களுடைய விருப்பம் கேட்கப்படவில்லை. மலையகப் படைப்புகள் இப்பிரிவின் துயரை நெஞ்சுருகப் பாடியுள்ளன. அத்துயரின் காரணத்தை இலங்கை இனவாத அரசியலோடு மாத்திரம் நிறுத்திவிடும் விமர்சனம், இமயமலை எல்லையிலே நடந்த யுத்தத்துக்கும் ஹற்றன் புகையிரத நிலையத்திலே நிகழ்ந்த பிரியாவிடைக்கும் உள்ள தொடர்பைக் காணத் தவறிவிடுகின்றது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இத்தொடர்பை மேலும் தெளிவாக்குகின்றன. 1990 ஓகஸ்டில் குவைத்தை ஆக்கிரமித்த ஈராக்கின் மீது ஐ.நா. பாதுகாப்புச் சபை முழு வணிகத் தடை விதித்தபோது, இலங்கைத் தேயிலையின் பெரிய சந்தைகளுள் ஒன்று முடங்கியது. குவைத்திலே வேலை செய்த பெருந்தொகையான இலங்கையரும் அப்போது அல்லலுற்று நாடு திரும்பினர். 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதெனக் கூறி ருசியா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. ருசியாவிலிருந்து வரும் அஸ்பெஸ்டஸின் இறக்குமதியைத் தடைசெய்யும் திட்டத்தை இலங்கை ஒத்திவைத்தது. சில நாள்களில் தேயிலைத் தடை நீங்கியது. பொருளாதாரத் தடை என்ற பெயரைப் பெறாமலே ஒரு தடை தன் வேலையை முடித்துக்கொண்டது.

ஈரானுடன் ஏற்பட்ட பண்டமாற்று இவற்றுள் மிகவும் சிந்தனைக்குரியது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய எண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பட்டது. 2012இல் அமெரிக்கத் தடை இறுகியபோது இறக்குமதி நின்றது. ஏறத்தாழ 250 மில்லியன் டொலர் கடன் செலுத்தப்படாமல் நிலுவையாயிற்று. இங்கே தடை கப்பலை மறிப்பதற்கு முன் வங்கிக் கணக்கையே மறித்தது. 2021 டிசம்பரில், மாதமொன்றுக்கு 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைத் தீர்ப்பதென உடன்பாடு காணப்பட்டது. ஏற்றுமதி 2023இல் தொடங்கியது. தேயிலை உணவுப் பொருளாதலால் தடைக்குள் அடங்காது என்பதே அதன் அடிப்படை. உள்நாட்டு ஏற்றுமதியாளருக்கு ரூபாவாகப் பணம் வழங்கப்பட, நாட்டின் டொலர்க் கடன் குறையும்.

அரசின் நோக்கில் இது திறமையான ஏற்பாடுதான். மடுவத்தின் நோக்கில் அதன் நிறை என்ன? 2021இல் இலங்கை 286 மில்லியன் கிலோ தேயிலையை ஏற்றுமதி செய்து ஏறத்தாழ 1,320 மில்லியன் டொலர் ஈட்டியது. இக்கணக்கின்படி 5 மில்லியன் டொலர் என்பது 10 இலட்சம் கிலோவுக்குச் சற்று அதிகமான தேயிலை. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ கொழுந்து தேவை. ஆகவே ஏறக்குறைய 50 இலட்சம் கிலோ கொழுந்து. ஆளுக்கு நாளொன்றுக்கு 20 கிலோ எனப் பருமட்டாகக் கொண்டால் மாதந்தோறும் 250,000 நாள் உழைப்பு. 2021 மார்ச்சில் நீண்ட போராட்டத்தின் பின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அப்போது அதன் பெறுமதி ஏறத்தாழ 5 டொலர். 2022 நடுப்பகுதியில் ரூபாவின் வீழ்ச்சியால் 3 டொலருக்கும் கீழ். விற்கப்படும் பொருளுக்கு டொலரிலும், உழைப்புக்கு ரூபாவிலும் விலை பேசப்படுவதன் பொருள் இதுவேயாகும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ஈரானும் ஈராக்கும் விரும்பி வாங்குவது பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்நிலத் தேயிலை. அதன் கொழுந்தைத் தருவோரிற் பெரும்பாலோர் சிறுதோட்ட உடைமையாளர். எனவே நுவரெலியாவுக்கு இதில் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். இவ்வாட்சேபம் உண்மையை ஆழப்படுத்துகின்றதேயன்றி மறுக்கவில்லை. பிரித்தானியச் சந்தை தளர்ந்து மத்திய கிழக்குச் சந்தை ஓங்கியபோதே தாழ்நிலத் தேயிலை முன்னணிக்கு வந்தது. உயர்நிலத் தோட்டங்களின் பங்கு சுருங்கியது. ஹற்றனில் கவனிப்பாரற்றுக் காடாகும் மலைகளுக்கும் சந்தையின் இடப்பெயர்ச்சிக்கும் தொடர்பில்லை எனக் கூறுதல் இயலாது.

இன்னொரு ஆட்சேபம் இலக்கியம் சார்ந்தது. சிறுகதை வணிக அறிக்கையாதல் கூடாது என்பர். அது சரியே. இராமையாவின் கதை ஏலவிலையைப் பற்றிப் பேசியிருக்குமானால் அதன் உயிரோட்டம் கெட்டிருக்கும். எனினும், படைப்பு காட்டும் வாழ்வை அதன் முழுச் சூழலில் வைத்து விளக்குவது விமர்சனத்தின் கடமையாகும். அதை விமர்சனம் செய்யாதபோது, கங்காணி நல்லவனானால் துன்பம் தீரும் என்ற எளிய முடிவுக்கு வாசகன் வந்துவிடுகின்றான். படைப்பாளிக்கும் இதிலே புதிய களங்கள் உண்டு. ஏலவிலை சரிந்த வாரத்தில் வேலைநாள் குறைக்கப்படும் லயம், வளைகுடாவில் பணிபுரியும் மகள் யுத்தச் செய்தி கேட்டு வீட்டுக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்பு, எந்த நாட்டுக்குப் போகின்றது என்றறியாமல் தேயிலைப் பெட்டியை அடுக்கும் தொழிற்சாலை இளைஞன் ஆகிய யாவும் வல்லரசுப் போட்டி மனித அனுபவமாக மாறும் இடங்களாகும்.

வல்லரசுகள் ஒன்றையொன்று தண்டிக்க வணிகத்தைக் கருவியாகக் கொள்ளும் காலம் முடிந்துவிடவில்லை. அப்போட்டியிலே இலங்கை அரசு மீண்டும் பேரம் பேசும், பேசவும் வேண்டும். அப்பேரத்திலே கொழுந்து பறித்தவளுக்குரிய பங்கு எவ்வளவு என்ற வினாவை 1952இலும் 1964இலும் 2021இலும் அரச ஆவணங்கள் எழுப்பவில்லை. அவ்வினாவை எழுப்பும் கடமை மலையக எழுத்துக்கும் அதனை மதிப்பிடும் விமர்சனத்துக்கும் உரியதாகும்.